வெளிநாட்டிலிருந்து ஊர் வரும் ஆண்கள்: இளைப்பா, கட்டுப்பாடா, சாப்பாட்டுக் கோளாறா?

வளவு (நெறியாளர்)

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, லண்டன் என்று போய் வேலை பார்ப்பவர்கள், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்று நம் காரைக்குடிப் பக்கத்து ஆண்கள் விசேஷத்துக்கு ஊர் வரும்போது வீடுகளில் எழும் கேள்விதான் இந்த இழை. இலையில் கை வைக்காமல் எழுந்து போகிறார். அல்லது நடுராத்திரியில் பலகாரச் சம்படம் காலியாகிறது. அல்லது ஜிம்முக்குப் போக முடியாத நாளில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். இதில் எது சாதாரணம், எதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும், வீட்டில் சாப்பாட்டை எப்படி வைப்பது?

மூன்று கட்டுப்பாடு. யாரும் தன் எடையையோ கலோரிக் கணக்கையோ எழுத வேண்டாம். படிக்கிறவருக்கு அது போட்டியாகிவிடும். வாந்தி, பேதி மருந்து பற்றி விளைவை எழுதலாம், வழிமுறை கூடாது. சொந்தக் கதை வேண்டாம், தொழில் தெரிந்தவர்கள் வாருங்கள்.

தேக்குத்தூண் (மனநல ஆலோசகர், காரைக்குடி)

சிறுபான்மையாக வாழும் ஊரில் ஒரு தமிழ் ஆணின் உடம்பு தினமும் அளக்கப்படுகிறது. நிறம், தொப்பை, உடல்முடி, உயரம், எல்லாமே. வாடகை வீடு தேடும்போதும் பெண் பார்க்கும் செயலியிலும் அது நடக்கிறது. ஊருக்கு வந்தால் முழக்கோல் மாறிவிடுகிறது. "இத்தனை வருசம் சம்பாதிச்சு உடம்புல ஒண்ணும் தெரியலையே" என்று அப்பத்தா முகத்தைத் தடவிப் பார்ப்பார். முகப்பில் மாட்டியிருக்கும் ஐயாக்களின் படங்களைப் பாருங்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போய்த் திரும்பியவரின் செழிப்பு அந்த வயிற்றில்தான் தெரிய வேண்டும். அங்கே குறை என்று கேட்ட உடம்பு, இங்கே தேற்று என்று கேட்கிறது. இரண்டு இடத்திலும் அவர் தேர்வில் தோற்கிறார்.

பண்பாட்டு நெருக்கடியை ஆய்ந்த ஜான் பெர்ரி, புதிய ஊரில் வாழ்பவர் எடுக்கும் நிலைகளை நான்காகப் பிரித்தார். இரண்டையும் சேர்த்துக்கொள்வது, புதியதில் கரைவது, பழையதோடு ஒதுங்குவது, இரண்டிலிருந்தும் விலகி நிற்பது. கடைசி நிலையில் இருப்பவருக்குத்தான் மனச்சுமை அதிகம். அவர் கையில் முழுசாக மிஞ்சியிருக்கும் ஒரே விஷயம் தன் வாய்க்குள் போவது எது என்பது. அதனால்தான் கட்டுப்பாடு அங்கே போய் உட்கார்கிறது.

வீட்டார் எதைப் பார்க்க வேண்டும்? எடையைப் பார்க்காதீர்கள். உணவுக் கோளாறு உள்ள ஆண்களில் பலர் சராசரி எடையிலோ கூடுதலாகவோ இருப்பார்கள். அவர் வைத்திருக்கும் விதியைப் பாருங்கள். "ஏழு மணிக்கு மேல் சாப்பிட மாட்டேன்" என்பவர், தாய்மாமன் வந்த அன்று எட்டரைக்கு இரண்டு இடியாப்பம் சாப்பிட முடிந்து, மறுநாள் அதற்குப் பிராயச்சித்தமாகப் பட்டினி கிடக்காமல் இருந்தால் அது பழக்கம். அந்த இரண்டு இடியாப்பத்துக்காக ராத்திரி ஒரு மணிக்கு மொட்டைமாடியில் நடக்கிறார் என்றால் விதி அவரை ஆள்கிறது என்று பொருள்.

பிரிட்டனில் 1999-ல் வந்த ஸ்காஃப் என்ற ஐந்து கேள்விச் சல்லடை இன்றும் பயன்படுகிறது. வயிறு தாங்காமல் நிறைந்துவிட்டதாகத் தோன்றி வாந்தி எடுக்கிறீர்களா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கைமீறிப் போகிறதோ என்று கவலையா? மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்ததா? மற்றவர் ஒல்லி என்னும்போது நீங்கள் குண்டு என்று நம்புகிறீர்களா? சாப்பாட்டு நினைப்பே வாழ்க்கையை ஆள்கிறதா? இரண்டுக்கு ஆம் என்றால் முறையான பரிசோதனை வேண்டும். ஆனால் இது மெலிய விரும்புகிறவரைப் பிடிக்கும் வலை. தசை போதவில்லை என்று தவிக்கிறவர் இதில் நழுவிவிடுவார். அதனால் ஆண்களிடம் கூடுதலாக மூன்று கேட்பது நல்லது: அடிபட்டிருந்தும் பயிற்சி செய்கிறீர்களா? சாப்பாட்டுக்குப் பயந்து விசேஷத்தைத் தவிர்த்தீர்களா? சட்டையைக் கழற்ற வேண்டிய இடத்துக்குப் போகாமல் இருக்கிறீர்களா? கோயிலுக்குள் மேல்சட்டை இல்லாமல் போகும் நம் ஊரில் மூன்றாவது கேள்வி நிறையப் பேசும்.

ஜுரோங் மேற்கு (சமூகப் பணி, சிங்கப்பூர்)

இங்கிருந்து வருகிறவர்கள் என்று ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. இரண்டு கூட்டம் உண்டு.

ஒன்று, இங்கேயே படித்தவர்கள். 2020 குடிமதிப்பில் இந்தியர் பங்கு 9 சதவீதம். ஒரு வகுப்பில் மூன்று நான்கு பேர், அவ்வளவுதான். 1992 முதல் 2007 வரை பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்ற திட்டம் இருந்தது. எடை கூடிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து இடைவேளையில் ஓடவிட்டார்கள். பெயரின் சுருக்கத்தைத் திருப்பிப் படித்தால் 'ஃபேட்' என்று வரும் என்பதைப் பிள்ளைகள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். அதில் நின்றவர்களுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. அதன் பிறகு தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சி. அங்கேயும் தராசு, அங்கேயும் உடற்தேர்வு.

இரண்டாவது, வேலை அனுமதியில் வந்து தங்கும் விடுதியில் இருப்பவர்கள். இவர்கள் காலைப் பட்டினி கிடந்து இரவில் மலைபோல் சாப்பிடுவதைப் பார்த்து உடனே கோளாறு என்று எழுதிவிட வேண்டாம். பலருக்குக் கேட்டரிங் பொட்டலம் விடியுமுன் வந்துவிடும். மதியம் வெயிலில் திறந்தால் சோறு நொதித்திருக்கும். எறிந்துவிட்டு ராத்திரி ஒரே வேளையாகச் சாப்பிடுகிறார். இது ஏற்பாட்டுக் கோளாறு. மதியத்துக்குக் கெடாத சாப்பாடு கிடைத்த இரண்டு வாரத்தில் இரவுப் பெருந்தீனி தானாக அடங்கினால் அது பசிதான். அடங்கவில்லை, ஒளித்துச் சாப்பிடுகிறார், சாப்பிட்ட பின் தன்னை வெறுக்கிறார் என்றால் அப்போதுதான் நம் விஷயம்.

பட்டாலை

எல்லாவற்றையும் நோயாக்காதீர்கள். "இளைச்சுட்டியே" என்று ஆச்சிமார் கேட்பது பாசம். சாப்பாட்டைப் பார்த்துப் பயப்படுவதெல்லாம் மேல்நாட்டுப் பணக்காரப் பெண் பிள்ளைகளுக்கு வருவது. நம் ஆம்பளைகளுக்கு ஏது?

தேக்குத்தூண்

பட்டாலை அண்ணே, இந்த எண்ணத்தால்தான் ஆண்கள் பல வருடம் தாமதமாக வருகிறார்கள்.

1689-ல் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் அனரெக்சியா என்று இப்போது நாம் சொல்லும் பட்டினி நோயை எழுதியபோது விவரித்த இருவரில் ஒருவர் ஆண், பதினாறு வயதுப் பையன். பிற்காலத்தில் மாதவிலக்கு நிற்பதை அனரெக்சியாவுக்கு நிபந்தனையாக வைத்தார்கள். ஆணுக்கு அது எப்படிப் பொருந்தும்? 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வரையறைக் கையேடான டி.எஸ்.எம்.-5 வந்தபோதுதான் அந்த நிபந்தனை நீங்கியது. பெருந்தீனிக் கோளாறு தனி நோயாக ஏறியதும் அந்தப் பதிப்பில்தான். மூன்று மாதத்துக்கு வாரம் ஒரு முறையாவது கைமீறிச் சாப்பிடுவது அதன் அளவு. அமெரிக்காவில் 2007-ல் வந்த பெரிய கணக்கெடுப்பில் அனரெக்சியா, புலிமியா (அளவு மீறித் தின்றுவிட்டு வாந்தி, பட்டினி என்று ஈடுகட்டும் நோய்) உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஆண். பெருந்தீனியில் மூன்றில் ஒருவருக்கும் மேல்.

பட்டினி மனத்தை என்ன செய்யும் என்று நமக்குத் தெரிந்ததே ஆண்களை வைத்துத்தான். 1944-45-ல் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 நல்ல ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரம் பாதிச் சாப்பாடு கொடுத்தார். உடல் எடையில் கால்பங்கு போனது. அதோடு அவர்கள் சமையல் குறிப்பு சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், சாப்பாட்டைக் கிள்ளிக் கிள்ளி இரண்டு மணி நேரம் இழுத்தார்கள். குளிர் தாங்கவில்லை, காம உணர்வு போனது. சாப்பாடு திரும்பக் கிடைத்ததும் சிலருக்கு வயிறு வெடிக்கும்வரை சாப்பிட்டும் அடங்கவில்லை. ஆகவே உங்கள் வீட்டுப் பையன் தான் சாப்பிடாமல் நாள் முழுக்கச் சமையல் காணொளி பார்க்கிறான் என்றால் அது விசித்திர குணமல்ல, பட்டினி மூளையின் வேலை.

நம் பக்கம் இது வேறு வேடத்தில் வரும். 1990-களில் ஹாங்காங்கில் சிங் லீ காட்டியது: அங்குள்ள நோயாளிகள் பலர் "குண்டாகிவிடுவேன்" என்று சொல்லவில்லை, வயிறு உப்புசம், பசியில்லை என்றார்கள். சென்னை மனநல மருத்துவர்களும் அதே காலத்தில், மேல்நாட்டு வரையறைக்குள் அடங்காத உண்ணல் சங்கடத்தைத் தனியாகப் பெயரிட்டு எழுதினார்கள். காரைக்குடியில் இது "கேஸ் டிரபிள்" என்ற பெயரில்தான் டாக்டரிடம் போகிறது. எண்டோஸ்கோப்பி சுத்தமாக இருக்கும், மாத்திரை ஆறு மாதம் ஓடும்.

ஆச்சிமார் பேச்சு மட்டும் யாரையும் நோயாளியாக்காது. பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் வாசலைத் திறப்பது பெரும்பாலும் ஒரு டயட். அந்த டயட்டைத் தொடங்கவைப்பது பெரும்பாலும் ஒரு பேச்சு.

இரும்புக்கூடம் (ஜிம் பயிற்சியாளர், காரைக்குடி)

ஜிம்முக்கு வர்றவன் எல்லாம் நோயாளி இல்ல, அதை முதல்ல சொல்லிடறேன். ஆனா நாங்க ஒரு நாளைக்கு ஒருத்தரை இரண்டு மணி நேரம் பார்க்கிறோம். வீட்டுக்குத் தெரியாதது எங்களுக்குத் தெரியும்.

தசை போதாதுங்கிற பித்துக்குப் பேரு மசில் டிஸ்மார்ஃபியா. 1993-ல தலைகீழ் அனரெக்சியான்னு சொன்னாங்க, 1997-ல இந்தப் பேரு வந்துச்சு. கை நல்லா இருக்கும், இரண்டு டீ-ஷர்ட் போட்டு மறைப்பாங்க. மூணு வாரம் லீவுல வந்து காலையும் மாலையும் ஜிம். தோள் இறங்கியிருந்தாலும் பெஞ்ச்ல படுத்துப் பளு தூக்குவாங்க. ஓய்வு நாள்னு சொன்னா முகம் செத்துடும். கல்யாண வீட்டுக்கு டப்பாவில அவிச்ச கோழிநெஞ்சு.

புரதக் கணக்குல நிறையப் பேர் ஏமாறுறாங்க. எடைப் பயிற்சி செய்றவருக்கு உடம்பு எடை கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வரைதான் தசைக்கு லாபம். அதுக்கு மேல போட்டா பெரும்பாலும் கூடுதல் பலன் கிடையாது. 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். மூணு முழு முட்டை 18 கிராம், 200 கிராம் கோழி சுமார் 45, மீதி பருப்பு, தயிர், பால், இட்லியிலயே சேர்ந்துடும். ஒரு ஸ்கூப் பவுடர் போட்டா தப்பில்ல. ஆனா மஞ்சக்கருவை எறிஞ்சுட்டு பன்னிரண்டு வெள்ளைக்கரு முழுங்குறது பயத்தோட வேலை. கிரியாட்டின் 3 முதல் 5 கிராம், நல்ல சிறுநீரகத்துக்கு ஆபத்தில்ல.

உப்பை நிறுத்துறதுதான் இங்க அடிக்கடி ஆளைச் சாய்க்குது. குளிரூட்டின ஜிம்ல யாரோ சொன்ன திட்டத்தை சித்திரை வெயில்ல நம்ம தகரக் கூரைக்குக் கீழ செஞ்சா, வியர்வையில உப்புப் போகும், வெறும் தண்ணியா நாலு லிட்டர் குடிப்பாங்க, தலைசுத்தல், கெண்டைக்கால் இழுப்பு, குழப்பம். அது தண்ணிப் பஞ்சம் இல்ல, சோடியம் இறங்கினது.

சீட் டே சமாச்சாரமும் சொல்லணும். ஆறு நாள் வறட்டுப் பட்டினி, ஞாயித்துக்கிழமை மூணு பிரியாணி. ஜிம் பாஷையில அது கட்டுப்பாடு. தேக்குத்தூண் சொன்ன வரையறையில வச்சுப் பாருங்க, வாரம் ஒரு முறை கைமீறுற பெருந்தீனி. பேர்தான் வேற.

ஊசி பத்தி: ஸ்டீராய்டு 'கோர்ஸ்' போடுறவரை வீட்ல திட்டி ஒரே நாள்ல நிறுத்தவச்சுட்டு விட்டுடாதீங்க. வெளியிலிருந்து வந்ததால உடம்போட சொந்த டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தி படுத்திருக்கும், விதை சுருங்கியிருக்கும். நிறுத்தின பிறகு அது எழுந்திரிக்க மாசக்கணக்காகும். அந்த இடைவெளியிலதான் கடும் மனச்சோர்வு வரும், தற்கொலை எண்ணம்கூட வரலாம். நிறுத்தணும், ஆனா ஹார்மோன் பார்க்கிற டாக்டர் கண்காணிப்புல. இரத்தத்துல ஹீமோகுளோபின், ஹீமட்டோகிரிட், கொலஸ்ட்ரால், கல்லீரல், டெஸ்டோஸ்டிரோன், அதைச் சுரக்கத் தூண்டுற எல்.எச். ஹார்மோன் பார்க்கச் சொல்லுங்க. ஊசியைப் பகிர்ந்திருந்தா எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி சேர்த்து.

பல்லும் சொல்லும் (பல் மருத்துவம், தேவகோட்டை)

சின்னக் குறிப்பு. அடிக்கடி வாந்தி எடுப்பவருக்கு மேல்வரிசை முன்பற்களின் உட்பக்கம், நாக்குப் படும் இடத்தில், எனாமல் கரைந்து வழுவழுப்பாகும். பற்கூச்சம் என்றுதான் வருவார். நெஞ்செரிச்சல் நோயிலும் இப்படி வரும் என்பதால் அதைக் கேட்டுப் பிரிக்க வேண்டும். வாந்தி எடுத்ததும் பல் துலக்கக் கூடாது. அமிலத்தில் ஊறிய எனாமலைத் தேய்த்து எடுப்பதாகிவிடும். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்து மென்மையான பிரஷ்.

இன்னொன்று, காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி முகம் அகலமாகத் தெரியும். இதைப் பார்த்து "கன்னம் வச்சிருச்சு, இப்பத்தான் பார்க்க நல்லாருக்கு" என்று வீட்டில் மகிழ்வார்கள். அவருக்கோ முகம் குண்டாகிவிட்டதாகத் தோன்றும், இன்னும் கூடுதலாக வாந்தி எடுப்பார்.

ஆத்தங்குடிக்கல் (உணவியல் ஆலோசகர்)

சாப்பாட்டை எப்படி வைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன்.

கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வடிவமைத்த சிகிச்சை முறையின் முதுகெலும்பு ஒழுங்கான வேளை. மூன்று சாப்பாடு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிறுதீனி, எந்த இடைவெளியும் நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பசி வந்தால் சாப்பிடு என்று சொல்லக் கூடாது, ஏனென்றால் அவருக்குப் பசி மணி பழுது. கடிகாரம்தான் சொல்ல வேண்டும். நம் வீட்டுக்கு மாற்றினால்: ஏழரைக்கு இட்லியோ இடியாப்பமோ, பத்தரைக்கு ஒரு பால், ஒரு வாழைப்பழம், ஒன்றே காலுக்குச் சோறு, நாலரைக்கு ஒரு வெள்ளைப் பணியாரமோ சுண்டலோ, எட்டுக்கு இரவுச் சாப்பாடு, தேவைப்பட்டால் படுக்குமுன் பால்.

எங்கே சறுக்கும் என்றால், முதல் நாள் ராத்திரி பெருந்தீனி ஆகிவிட்டது, மறுநாள் காலைச் சாப்பாட்டை வெட்டுகிறார். வெட்டிய அந்தக் காலை வேளைதான் அடுத்த ராத்திரியின் விதை. ஆகவே என்ன நடந்திருந்தாலும் ஏழரை இட்லியை நிறுத்தக் கூடாது. இதை மட்டும் இரண்டு மூன்று வாரம் பிடித்தால் பலருக்குப் பெருந்தீனி நன்றாக இறங்குவதைப் பார்க்கலாம். எதைச் சாப்பிடுவது என்ற பேச்சே அதற்கப்புறம்தான். பயந்து ஒதுக்கிய உணவுகளை ஒரு பட்டியல் போட்டு, பயம் குறைந்ததிலிருந்து வாரம் ஒன்றாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். எண்ணெயில் பொரித்த சீயத்தில் ஆரம்பிக்காதீர்கள். குழிப்பணியாரத்தில் ஆரம்பிக்கலாம்.

நோட்டுப் புத்தகம் ஒன்று. மணி, சாப்பிட்டது, இடம், கைமீறிப் போனதாகத் தோன்றினால் ஒரு நட்சத்திரம், அப்போது மனத்தில் ஓடியது. சாப்பிட்ட உடனே எழுத வேண்டும். கலோரி எழுதக் கூடாது, செயலியில் கூடவே கூடாது. எடை பார்ப்பது வாரம் ஒரு முறை, ஆலோசகர் முன்னால். குளியலறைத் தராசை அலமாரியில் பூட்டுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. எலும்பும் தோலுமாக வந்தவரை ஒரே வாரத்தில் உளுந்தங்களி, நெய், ஆட்டுக்கால் என்று தேற்றப் புறப்படாதீர்கள். ஐந்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றும் சாப்பிடாதவருக்குத் திடீரென மாவுச்சத்து ஏற்றினால் இன்சுலின் சுரந்து இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியத்தைச் செல்லுக்குள் இழுத்துவிடும். கால் வீக்கம், மூச்சுத் திணறல், படபடப்பு, குழப்பம், சில வேளை இதயமே நின்றுவிடும். பெரும்பாலும் முதல் சில நாட்களில் நடக்கும். இப்படிப்பட்டவருக்கு முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் போகக் கூடாது. பத்து நாளுக்கு மேல் பட்டினி என்றாலோ மிகக் குறைந்த எடை என்றாலோ மருத்துவமனையில்தான், அதுவும் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்த பிறகு.

இணையத்தில் கவுனி அரிசியை எடைக் குறைப்பு உணவாக விற்கிறார்கள். ராத்திரி ஊறவைத்து, குழைய வேகவைத்து, சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்துச் சாப்பிடும் பண்டம் எப்படி டயட் ஆனது என்று அரிசிக்கே புரியாது. அதை விசேஷப் பலகாரமாகவே விட்டுவிடுங்கள்.

பட்டாலை

ஆச்சி, ஆனால் நம் ஆண்களுக்குச் சர்க்கரை நோய் நிஜம்தானே? டாக்டரே இடுப்பைக் குறைக்கச் சொல்கிறாரே?

ஆத்தங்குடிக்கல்

நிஜம், அதில் சண்டை இல்லை. ஒரே பி.எம்.ஐ.யில் (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) ஐரோப்பியரைவிட நமக்கு வயிற்றுக் கொழுப்பு அதிகம். அதனால்தான் நமக்கு 23-லிருந்தே கவனிக்கச் சொல்கிறார்கள், ஆணின் இடுப்புக்கு 90 செ.மீ. எல்லை. சரியான அறிவுரைதான். உண்ணல் கோளாறு உள்ளவர் காதில் விழும்போது அது கசையடி ஆகிறது. சர்க்கரை இருந்தாலும் வேளை தவறாத சாப்பாடே முதல் மருந்து. பெருந்தீனி நின்றால் சர்க்கரையும் நிதானப்படும். இன்சுலின் போடுகிறவர் எடை குறைய வேண்டுமென்று ஊசியை வேண்டுமென்றே தவிர்த்தால் அது உயிராபத்து. சர்க்கரை டாக்டருக்கு உடனே தெரிய வேண்டும்.

வெங்கலப்பானை (விருந்துச் சமையல்)

பந்தியில என்ன செய்யலாம்னு நான் சொல்றேன். கல்யாண இலையில இருபது வகை விழும். பரிமாறுறவர் வேலையே இலை காலியா இருக்கக் கூடாதுங்கிறது. தின்னத் தின்ன நிரம்புற இலையில எவ்வளவு சாப்பிட்டோம்னு யாருக்கும் கணக்குத் தெரியாது. பெருந்தீனிக்குப் பயந்தவருக்கு இது நரகம்.

வீட்டுக்காரர் முதல் நாளே பரிமாறுற தலைவர்கிட்ட ஒரு வார்த்தை போதும்: "மூணாவது வரிசை ஓரம், தம்பிக்கு மறுசோறு கேட்க வேண்டாம்." காரணம் சொல்ல வேண்டியதில்ல. ஓர இலை நல்லது, இரண்டு பக்கமும் ஆள் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டாங்க. முதல் பந்தியும் வேண்டாம், கடைசிப் பந்தியும் வேண்டாம். முதல்ல கூட்டம் வேடிக்கை பார்க்கும், கடைசியில மிஞ்சினதை எல்லாம் கொட்டுவாங்க. இலையை மடிச்சுட்டா பேச்சு முடிஞ்சது, மடிச்ச இலையில போடுறது நம்ம மரபுல கிடையாது. அவருக்கு அது நல்ல கதவு.

ஆனா தேக்குத்தூண் ஐயா, சாப்பிடச் சொல்லவே கூடாதுன்னா எப்படி? வாங்கன்னு கேட்டாலே அடுத்து சாப்பிடுங்கதானே நம்ம ஊர்ல.

தேக்குத்தூண்

சாப்பிடச் சொல்லுங்கள், ஒரு முறை. நிறுத்த வேண்டியது உடம்பைப் பற்றிய தீர்ப்பு. "இளைச்சுட்டே", "தேறிட்டே", "நிறம் கம்மியாயிருச்சு" மூன்றும் ஒரே வகை. தேறிட்டே என்பது பாராட்டு என்று நினைப்போம், குணமாகி வருகிறவர் காதில் "குண்டாகிட்டே" என்றுதான் விழும். அதற்குப் பதில் "பிரயாணம் எப்படி, எத்தனை நாள் லீவு" என்று கேட்கலாம். சாப்பிட்ட பின் அரை மணி ஒரு மணி நேரம் அவரைத் தனியாக விடாமல், கண்காணிப்பாகவும் தெரியாமல், சீட்டு, கேரம், கடைத்தெரு என்று கூட வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுக்கும் உந்துதல் அலை போல ஏறி இறங்கும். ஏறும் நேரத்தைக் கடத்திவிட்டால் போதும்.

அவசரப்பிரிவு (மருத்துவர்)

எப்போது ஓட வேண்டும் என்று சுருக்கமாக. மயங்கி விழுவது, நெஞ்சுப் படபடப்பு, இரத்தவாந்தி, எழுந்து நிற்கும்போது நாடி முன்பிருந்ததைவிட நிமிடத்துக்கு 20 துடிப்புக்கு மேல் கூடுவது, இரத்த அழுத்தத்தின் மேல் எண் 90-க்குக் கீழ், பெரியவருக்கு விழித்திருக்கும்போது நாடி 40-க்குக் கீழ், பள்ளி வயதுப் பையனுக்கு 50-க்குக் கீழ், தற்கொலைப் பேச்சு. இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை.

"ஜிம் போற பையன், நாடி மெதுவாத்தான் இருக்கும்" என்று வீட்டுக்கு அனுப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. விளையாட்டு வீரரின் நாடி நாலு அடி நடந்தால் அப்படியொன்றும் துள்ளாது. பட்டினி கிடந்தவருக்கு எழுந்து அறையைக் கடந்தாலே துள்ளும், கைகால் ஜில்லென்றிருக்கும்.

கேட்க வேண்டிய சோதனை: இ.சி.ஜி., பொட்டாசியம், சோடியம், பாஸ்பேட், மெக்னீசியம், சர்க்கரை, சிறுநீரகம், இரத்த அணுக்கள். பாஸ்பேட், மெக்னீசியம் வழக்கமான தொகுப்பில் இருக்காது, தனியாகக் கேட்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் எடை குறைந்திருந்தால் டெஸ்டோஸ்டிரோன், எலும்பு அடர்த்தி. இரத்தச் சோதனை எல்லாம் சரி என்று வந்தாலும் நோயில்லை என்று பொருளல்ல. விழும்வரை உடம்பு கணக்கைச் சமன்செய்துகொண்டே இருக்கும்.

மருந்தில் இரண்டு தகவல். புலிமியாவுக்கு ஃபுளுவாக்செட்டின் வேலை செய்யும் அளவு 60 மி.கி., மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 20-ல் பலன் தெரியாமல் நிறுத்திவிடுகிறார்கள். வாந்தி எடுப்பவருக்கு புப்ரோப்பியான் கொடுக்கக் கூடாது, வலிப்பு வரலாம். சிகரெட்டை விட என்று வேறு டாக்டர் எழுதியிருக்கலாம், ஆகவே எல்லாச் சீட்டும் கொண்டுவாருங்கள்.

வெட்கப்படுகிறவர் "சாப்பாட்டுப் பிரச்சினை" என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை. தலைசுற்றல், குளிர், காம உணர்வு குறைவு என்று ஆரம்பித்தாலும் வழி ஒன்றுதான். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகுமுன் பேச டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் தமிழில், கட்டணமில்லை. பெண் பார்க்கும் நேரத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்துக்கு: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அங்குள்ள ஜெனரல் ஹாஸ்பிட்டலிலேயே உண்ணல் கோளாறுகளுக்கென்று தனிச் சிகிச்சை இருக்கிறது.

ஜுரோங் மேற்கு

ஒரு கேள்வி. தைப்பூசத்துக்குக் காவடியோடு குன்றக்குடி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி நடக்கவே விமானம் ஏறி வருகிறவர்கள் உண்டு. விரதம் இருக்காதே என்று சொன்னால் சாமி குத்தம் என்று வீடே எதிர்க்கும். எப்படி?

அவசரப்பிரிவு

நடக்க வேண்டாம் என்று ஆரம்பிக்காதீர்கள், பொட்டாசியமும் இ.சி.ஜி.யும் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று ஆரம்பியுங்கள். வாந்தியும் பேதி மருந்தும் உள்ளவர் வெயிலில் நாள்கணக்கில் நடந்தால் இதயத் துடிப்பு தவறும். பொட்டாசியம் குறைவாக இருந்தால் இந்த வருடம் வண்டியில் வரட்டும். சரியாக இருந்தால் சைவச் சாப்பாடு, வெறுங்கால், மாலை எல்லாம் இருக்கட்டும், வேளை மட்டும் குறையக் கூடாது. வழியெல்லாம் அன்னதானம் நடக்கிறது, பாதயாத்திரையில் யாரும் பட்டினி நடப்பதில்லை.

தேக்குத்தூண்

விரதத்துக்கும் அதே சல்லடைதான். விரதத்துக்கு ஒரு முடிவு நாள் உண்டு, கூட்டம் உண்டு, முடித்ததும் சேர்ந்து சாப்பிடும் வேளை உண்டு. முடிவு நாள் தள்ளிக்கொண்டே போகிறது, விரதம் முடித்து உண்ணும் பாரணைக்கு மட்டும் ஆளைக் காணோம் என்றால் சாமி பேரில் வேறு ஏதோ நடக்கிறது. இளையான்குடிப் பக்கம் ரமலானில் நோன்பு திறக்கும் வேளையில் ஒருவர் தொடர்ந்து காணாமல் போனாலும் இதே கேள்விதான். உடல்நலம் இல்லாதவருக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பதை மார்க்கம் தெரிந்த பெரியவர் வாயால் சொல்லவைத்தால் கேட்பார்கள்.

வெங்கலப்பானை

பிள்ளையார் நோன்பு வருதே, அதையும் சொல்லிடுங்க. இழை எடுத்துக்கிறப்ப, அதான் நூல்திரி வச்ச மாவுருண்டையை ஏத்திச் சுடரோட வாயில போட்டுக்கிறப்ப, தம்பிக்கு இழைமாவு கொடுக்கலாமா, இல்ல விட்டுடலாமா? வெல்லம், நெய் எல்லாம் இருக்கு.

ஆத்தங்குடிக்கல்

கொடுங்கள். சுடரோடு ஒரு வாய், எல்லோருக்கும் ஒரே அளவு. இந்த அளவு நிர்ணயம்தான் அவருக்கு வசதி. தனியாகச் சிறிசாக உருட்ட வேண்டாம், அவருக்கென்று நெய் குறைக்க வேண்டாம். அன்றைக்கு நாலரை மணிச் சிறுதீனி இதுவே என்று நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். எட்டு மணிச் சாப்பாடு வழக்கம்போல. மிச்ச மாவையும் பொரியையும் மட்டும் அவர் படுக்கும் அறை அலமாரியில் வைக்காமல், இரண்டாம் கட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள்.